சாமியார் எலிகள்

வாசலில் செருப்புகள் கிடந்தன. ஒன்றிரண்டு இல்லை, பத்துப் பதினைந்து ஜோடி. ரப்பர் செருப்பு, டயர் செருப்பு, குதிகால் தேய்ந்த தோல் செருப்பு, ஓரமாக ஒரு வெள்ளைக்காரியின் வார் வைத்த செருப்பு.

தை மாசக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், வேலை முட்டி இரண்டு மாசம் கழித்து அக்கா வீட்டுக்கு வருகிறேன். மெட்ராஸிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக வரும் பஸ்ஸில் இடிபட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து செங்கம் ரோடு வரைக்கும் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்திருந்தேன். ஒரு வீட்டு வாசலில் அத்தனை செருப்பு கிடந்தால் நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம்? பையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

"அக்கா!" என்று நான் கத்தியதும், நடையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதம்மா. அம்மா மௌனத்துல இருக்காங்க."

எந்த அம்மா? என் அக்கா சுலோச்சனாவா மௌனம்?

அவளைத் தெரிந்தவர்களுக்கு இதன் விபரீதம் புரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாலில் தண்ணீர் என்று பால்காரரோடு சண்டையை ஆரம்பித்தாளானால், தெருமுனை டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார். ரேடியோவில் பாட்டு வந்தால் கூடப் பாடுவாள். செய்தி வந்தால் வாசிக்கிறவரோடு வாதம் பண்ணுவாள். தூக்கத்திலும் பேசுவாள். அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அவருக்குப் பேச்சு கம்மி. "வீட்டுக்கு ஒருத்தர் பேசினா போதும்னு நான் விட்டுட்டேன்" என்பார்.

அப்படிப்பட்டவள் கூடத்து ஜன்னலோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். முதுகு வளைந்திருந்தது. கைகள் மடியில் கிடந்தன. இமைகள் பாதி இறங்கி, கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. எதிரே தட்டில் வாழைப்பழம், கற்பூரம். அந்த வெள்ளைக்காரி சம்மணமிட்டுக் கண்ணை மூடியிருந்தாள்.

என்னைப் பார்த்தாள் அக்கா. "வா மணி" என்றாள். அவ்வளவுதான். 'சாப்டியா' என்று கேட்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னைக் கேட்காத முதல் தடவை அது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பேச்சு நின்ற விதம்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. வருஷம் சரியாக ஞாபகமில்லை, ஞாபகப்படுத்திக்கொள்ளவும் அலுப்பாக இருக்கிறது. ஐப்பசி மழையோடு அக்காவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. டாக்டர் பார்த்து, பிரஷர் ஜாஸ்தி என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். தலைவலி விட்டது. அதோடு கூடவே பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

முதலில் ரேடியோவோடு பேசுவதை நிறுத்தினாள். அப்புறம் பால்காரரோடு சண்டையை நிறுத்தினாள். பால்காரரே மாமாவிடம் வந்து, "அம்மாவுக்கு எம்மேல எதுனா வருத்தமா சார்?" என்று கேட்டாராம். மார்கழியில் மூக்கடைப்பு வந்தது, போகவேயில்லை. பனி என்று விட்டுவிட்டோம். தை பிறந்தபோது ஜன்னலோரம் போய் உட்கார்ந்தவள்தான், எழுந்திருப்பது குறைந்துபோனது.

வேறு ஊராக இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருப்பார்கள். இல்லையென்றால் வேப்பிலை அடித்திருப்பார்கள். மலையையே சிவனாகக் கும்பிட்டு, சாமியார்கள் தேடி வந்து தங்குகிற எங்கள் ஊரில் ஒருவர் அந்த மலையைப் பார்த்த ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்து, பேச்சையும் விட்டுவிட்டால், அவருக்கு ஏதோ கிடைத்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் வந்து எதிரே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். "சுலோச்சனா மொகத்துல என்னா ஒரு அமைதி பாத்தீங்களா!" என்றாள். அன்றைக்கு அவள் பையனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. போதாதா?

வெள்ளிக்கிழமை கூட்டம், பிறகு செவ்வாயும் வெள்ளியும், பிறகு எல்லா நாளும். மாமா கையெழுத்து அழகாக இருக்கும். நீலப் பெயின்ட்டில் 'மௌனத் தாயார் இல்லம்' என்று போர்டு எழுதி கேட்டில் மாட்டியிருந்தார். அவரை இத்தனை நாளாக 'டிராயிங் மாஸ்டர்' என்றவர்கள் இப்போது 'ஐயா' என்றார்கள். அவரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, அத்தனை பேர் எதிரிலும் குனிந்து நானும் அக்கா காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அதற்கப்புறம் வந்த தடவையெல்லாம் கும்பிட்டேன். எல்லாரும் பார்க்கிறார்களே என்பது பாதி. மிச்சப் பாதி என்ன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. விஞ்ஞானம் படித்தவள் நான். வெட்கக்கேடு.

முதல் நொதி

நான் மெட்ராஸில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இப்போது சொல்லியாக வேண்டும். இதைச் சொல்ல ஆரம்பித்தாலே கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாக முடிக்கிறேன்.

நரம்பு செல் பக்கத்து செல்லோடு பேசுவது ரசாயனத்தில். அந்த ரசாயனத்தை அதுவே தயார் செய்துகொள்கிறது. அதற்கு நொதிகள் வேண்டும். நொதி என்றால் ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றித் தருகிற புரதம். நான் பார்த்துக்கொண்டிருந்த ரசாயனம் நாரட்ரீனலின். நாம் சாப்பிடும் பருப்பிலும் பாலிலும் இருந்து வருகிற ஒரு சாதாரணப் பொருளிலிருந்து மூன்று படி ஏறினால் அது கிடைக்கும். முதல் படியில் நிற்கிற நொதிதான் மேஸ்திரி. அது கம்மியானால் மேலே எல்லாம் கம்மி. அதன் முழுப் பெயரைச் சொல்லி உங்களை வதைக்க மாட்டேன், முதல் நொதி என்றே வைத்துக்கொள்வோம்.

அதை எவ்வளவு செய்ய வேண்டும் என்று செல்லுக்கு யார் சொல்வது? செய்முறை மரபணுவில் இருக்கிறது. செய்முறை இருந்தால் மட்டும் ஆகிவிடுமா? யாராவது அதைப் படித்துச் செய்ய வேண்டாமா? எப்போது படிப்பது, எத்தனை தடவை படிப்பது, எது படிக்க வைக்கிறது? இந்தக் கேள்விக்கு நான் ஐந்து வருஷம் கொடுத்தேன். கல்யாணம் தட்டிப்போனதற்கும் இதுதான் காரணம் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரெசர்பின் என்று ஒரு மருந்து. நரம்பு செல் தன் ரசாயனத்தைச் சின்னச் சின்னப் பைகளில் சேர்த்து வைத்திருக்கும். அந்தப் பைகளில் எதுவும் தங்காதபடி இந்த மருந்து செய்துவிடும். கையிருப்பு காலி. காலியானதும் உடம்பு பதறுகிறது. முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் நரம்புகள், சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியை விடாமல் நச்சரிக்கின்றன. எலியின் உடம்பில் அது பச்சைப்பயறு அளவுதான். அதன் உள்பக்கத்து செல்கள் நரம்பு செல்களுக்குப் பங்காளி முறை, அவையும் அதே முதல் நொதியை வைத்துத்தான் வேலை செய்கின்றன. ஒரு நாள், இரண்டு நாள் நச்சரிப்புக்குப் பிறகு அங்கே முதல் நொதி ஏறும்.

ஏறியது பழைய நொதி சுறுசுறுப்பானதாலா, புதிதாகச் செய்ததாலா? மரபணுவைப் படிக்கவிடாமல் தடுக்கும் இன்னொரு மருந்தை முன்னாலேயே கொடுத்துவிட்டால் ஏறுவதில்லை. ஆக, படித்துத்தான் செய்கிறது.

அடுத்தது என் கைவேலை. இடப்பக்கச் சுரப்பிக்குப் போகும் நரம்பை மட்டும் வெட்டிவிடுவேன். வலப்பக்கத்தைத் தொடமாட்டேன். மருந்து இரண்டுக்கும் ஒரே ரத்தத்தில்தான் போகிறது. வலப்பக்கம் நொதி ஏறும். இடப்பக்கம் ஏறாது. செல்லுக்குள் செய்முறை இருக்கிறது, சாமான் இருக்கிறது, தேவையும் இருக்கிறது. வெளியிலிருந்து கூப்பிடும் நரம்பு இல்லை, அதனால் அது அசையாமல் கிடக்கிறது.

இதையெல்லாம் நான்தான் கண்டுபிடித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாடுகளில் முன்பே பார்த்துவிட்டார்கள். வயசான எலிகளில் இந்த ஏற்றம் எத்தனை மணி நேரம் பிந்துகிறது என்ற ஒரு துணுக்குதான் என்னுடையது. எண்பதுகளில் அந்த மரபணுவையே பிரித்தெடுத்து, அதிலிருந்து கிளம்பும் சேதியை நேராகவே அளந்துவிட்டார்கள். நாங்கள் சுற்றிவளைத்து ஊகித்தது சரிதான் என்று தெரிந்தது. நான் அப்போது இந்த ஊர்க் கல்லூரியில் கரும்பலகையில் கரப்பான்பூச்சியின் வாயை வரைந்துகொண்டிருந்தேன்.

சாமியாரும் சம்சாரியும்

எலிகளைப் பார்த்துக்கொண்டவர் கன்னியப்பன். காசிமேட்டுக்காரர், ஐம்பது வயது இருக்கும், எலிகளிடம் மரியாதையாகப் பேசுவார். ரெசர்பின் ஊசி போட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் எலி முதுகை வளைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடும். இமை பாதி இறங்கிவிடும். பென்சிலால் தள்ளினாலும் நகராது. எதிரில் வெல்லத்தை வைத்தாலும் பார்க்காது. பக்கத்துக் கூண்டில் வெறும் உப்புத் தண்ணீர் ஊசி போட்ட எலிகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடித்துக்கொண்டிருக்கும்.

கன்னியப்பன் காலையில் வந்து எனக்குக் கணக்குச் சொல்வார்: "நாலு சாமியாராயிடுச்சி மேடம். நாலு இன்னும் சம்சாரிதான்."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போய், வரைவு நோட்டில் நானும் மருந்து எலிக்கு 'சாமி' என்றும் மற்றதுக்கு 'சம்' என்றும் எழுத ஆரம்பித்தேன். எங்கள் பேராசிரியர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "இது ஆராய்ச்சியா, மடமா?" என்று திட்டினார்.

யோசித்துப் பாருங்கள். வாரம் ஐந்து நாள் சாமியார் எலிகளைப் பார்க்கிறேன். மாசத்தில் இரண்டு சனிக்கிழமை ஊருக்கு வந்து அக்காவைப் பார்க்கிறேன். அதே முதுகு, அதே இமை. அத்தனை நாளும் எனக்கு இரண்டும் ஒட்டவில்லை. எலி வேறு, அக்கா வேறு அல்லவா?

பங்குனி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. கன்னியப்பன் ஒரு கூண்டைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். உள்ளே கிழட்டு எலி ஒன்று, மருந்து நன்றாக ஏறி, வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இத்தப் பாரு மேடம். கும்புடணும் போல கீது" என்று சிரித்துக்கொண்டே அந்த எலியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

என் கையிலிருந்த சிரிஞ்சு கீழே விழுந்து உடைந்தது. கண்ணாடி சிரிஞ்சு, விலை ஜாஸ்தி. கன்னியப்பன் பதறிப்போய், "இன்னா மேடம், குத்திக்கினியா?" என்றார். இரண்டு நாள் முன்னால்தான் நான் அதே மாதிரி அக்காவைக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தேன்.

பெயரில் சிவன்

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூடத்தில் இருந்தது. யாரிடமும் பேசாமல் நேராக சாமி அலமாரிக்குப் போனேன், அக்கா மாத்திரையை அங்கேதான் வைப்பாள். அட்டையைத் திருப்பினேன். கம்பெனிப் பெயருக்குக் கீழே, எறும்பு மாதிரி பொடி எழுத்தில், ரெசர்பின். ஐப்பசியிலிருந்து ஒரு தடவைகூட நான் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

அந்த மாத்திரை ஒன்றும் விஷம் இல்லை. அந்தக் காலத்தில் பிரஷருக்கு எல்லா ஊரிலும் கொடுத்ததுதான். சிலருக்கு மனசைக் கீழே இழுத்துவிடும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் எழுதியிருந்த அளவு கம்மிதான். அதற்கு இவ்வளவு தூரம் போகக் கூடாதே என்று நின்றேன். அப்போது மாமா பின்னால் வந்து, "அதோட இதையும்தான் குடுக்கறேன்" என்று விபூதித் தட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"இங்கிலீஷ் மருந்து சூடு. தனியா சாப்டக்கூடாதுன்னாங்க. நாட்டு மருந்து சேத்துகிட்டா உள்ளயே சமனாயிடும். தேரடி வீதியில வேர் விக்கறவர்கிட்ட வாங்கினது. காலைல ஒரு சிட்டிகை, சாயந்தரம் ஒரு சிட்டிகை, தேன்ல."

"இது பேரு என்னா மாமா?"

"சிவன் அமல்பொடி." முகம் மலர்ந்து சொன்னார். "பேர்லயே சிவன் இருக்கு. இந்த ஊர்ல இதவிட என்னா வேணும்?"

பொட்டலம் சுற்றியிருந்த நோட்டீஸைப் பிரித்தேன். சிவன் அமல்பொடி என்கிற சர்ப்பகந்தி, ரத்தக் கொதிப்புக்கும் சித்தப் பிரமைக்கும் கைகண்டது என்று போட்டிருந்தது. சர்ப்பகந்தி எனக்குத் தெரியும். என் ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். ரெசர்பினை அந்த வேரிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

மாத்திரையின் சூட்டைத் தணிக்க மாத்திரையையே கொடுத்திருக்கிறார். ஒன்று வெள்ளையாக அட்டையில், இன்னொன்று பழுப்பாகப் பொட்டலத்தில். அளவு யாருக்குத் தெரியும்?

"மாமா, இது ரெண்டும் ஒண்ணு" என்றேன். "இது மௌனம் இல்ல. மருந்து."

அவர் முகம் சுருங்கிப்போனது. "அவளுக்குப் பக்குவம் வந்திருக்கு மணி. அதப்போய் மருந்துன்றியே" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்த மூணு மாசம்தான் வீடு வீடா இருந்துது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பொட்டலத்தை அவர்மேலேயே எறிந்தேன். வயசில் மூத்தவர், எனக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டினவர். பொடி அவர் சட்டையெல்லாம் கொட்டியது. அதைத் தட்டிவிடக்கூட இல்லை, அப்படியே நின்றார்.

மாமாவையும் இழுத்துக்கொண்டு போய் இரண்டையும் காட்டியதும் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு மாசம் கழிச்சி வந்து காட்டுங்கன்னேனே! நீங்க வரவேயில்லையே!" மாமா அங்கே நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். டாக்டர் இரண்டையும் நிறுத்தச் சொல்லி, வேறு மாத்திரை எழுதினார். "உடனே சரியாயிடும்னு நெனைக்காதீங்க. ரெண்டு மூணு வாரம் ஆவும். அதுவரைக்கும் ஆளைத் தனியா மட்டும் விடாதீங்க" என்றார்.

நான்தான் இருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

காலி வீடு

திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கூட்டத்தைக் கிளப்பினேன். "எங்க அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல. அவங்க சாமி இல்ல. எல்லாரும் எழுந்து போங்க." சிலர் முணுமுணுத்தார்கள். எதிர்வீட்டு அம்மாள், "படிச்ச திமிரு" என்று எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள். வெள்ளைக்காரி மட்டும் எழுந்து, என்னிடம் ஏதோ மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். மாமா எழுதிய போர்டைக் கழற்றித் திருப்பி, பின்பக்கத்தில் கரியால் 'உள்ளே வரக்கூடாது' என்று எழுதி மாட்டினேன். கேட்டைச் சங்கிலி போட்டுக் கொக்கியில் மாட்டினேன். இத்தனை நாள் முட்டாளாக இருந்ததற்கு ஈடு செய்துவிட்டது போல எனக்கு ஒரு நிம்மதி. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். மூன்று நாள் ஆனது, ஐந்து நாள் ஆனது. அக்கா அதே ஜன்னல், அதே பாய். சோறு ஊட்டினால் வாங்கிக்கொள்வாள். நாடி பார்ப்பேன், இமையைப் பார்ப்பேன், எலிக்கு எழுதுகிற மாதிரியே நோட்டில் எழுதுவேன். ஏன் இவ்வளவு தாமதம் என்று எனக்குத் தெரியும். ஓட்டைப்பட்ட பைகளை அங்கேயே ரிப்பேர் செய்ய முடியாது. நரம்பு செல்லின் தலைப்பக்கத்தில் புதிதாகச் செய்து, அந்த நீள நரம்பு வழியாக நுனிவரைக்கும் அனுப்ப வேண்டும். நாள் பிடிக்கும். தெரிந்து என்ன? தெரிந்தவளுக்கும் ஒரு நாளுக்கு இருபத்து நாலு மணி நேரம்தான். மாமா பள்ளிக்கூடம் போய்விடுவார். அந்த வீட்டின் நிசப்தத்தில் எனக்கே சோர்வு ஒட்டிக்கொண்டுவிட்டது. குளிக்கக்கூட மனசில்லாமல் கிடந்தேன்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, பேராசிரியருக்கு டிரங்க் கால் போட வேண்டியிருந்தது. லீவை நீட்டியாக வேண்டும். அரை மணியில் வந்துவிடலாம் என்று தபால் ஆபீசுக்குப் போனேன். லைன் கிடைக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் இரும்மா, இன்னும் கொஞ்சம் இரும்மா" என்று ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

திரும்பி வந்தால் கேட் திறந்து கிடக்கிறது. கேட்டுக்கு உள்பக்கம் அக்கா நின்றுகொண்டிருக்கிறாள். வெளியே ஒரு கிராமத்து அம்மாள், இடுப்பில் முருங்கைக்கீரைக் கட்டு, முகமெல்லாம் வியர்வை. கீழ்பென்னாத்தூர் பக்கமாம். எருமை மூன்று நாளாகத் தீனி எடுக்கவில்லையாம், தாயார் ஒரு பிடி விபூதி கொடுத்தால் போதுமாம்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "போர்டு எழுதியிருக்கறது கண்ணு தெரியலியா?"

"எனக்கு எங்கம்மா படிக்கத் தெரியும்?" என்றாள் அவள்.

"ஒடம்பு சரியில்லாதவங்கள இப்டி வெயில்ல நிக்க வெச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு மனுஷியா? எருமைக்கு மாட்டாஸ்பத்திரிக்குப் போ!" என்று தெருவே பார்க்கக் கத்தினேன். அவள் கீரைக்கட்டைக் கேட்டோரம் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் வேகவேகமாகப் போனாள். அக்காவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, மறுபடி சங்கிலியை மாட்டினேன்.

மல்லாட்டை

அதற்கப்புறம் நாலைந்து நாளில் ஒரு காலையில், நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "யோவ், இது பாலா, அரிசி கழுவின தண்ணியா?" பால்காரர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமா குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடி வந்து நின்றார். அவருக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் ஏமாற்றமும் இருந்திருக்கும். அதை நான் இப்போது தப்பாக நினைக்கவில்லை.

இமை ஏறியது. மூக்கடைப்பு போனது. என்னைப் பார்த்து, "என்னாடி இது, எலும்புக்கூடாட்டம் இருக்கற, சாப்டறியா இல்லியா?" என்று கேட்டாள். நான் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மாமாவிடம் விலாவாரியாக விளக்கினேன், எது காலியானது, எது திரும்ப நிரம்புகிறது என்று. எதிர்வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு வைத்தும் விளக்கினேன். ஜெயித்துவிட்டேன் அல்லவா?

மெட்ராஸ் திரும்புவதற்கு முதல் நாள் சாயங்காலம். எங்கள் நிலத்திலிருந்து அப்பா அனுப்பிய மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, முறத்தில் கொட்டிக்கொண்டு நானும் அக்காவும் உரித்துக்கொண்டிருந்தோம். அவள் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தாள். நடுவில், அதே குரலில், அதே வேகத்தில் சொன்னாள்.

"அன்னிக்கு நீ தபாலாபீஸ் போனியே, அப்ப நான் பின்னாடி கெணத்தடிக்குப் போனேன்."

"தண்ணி சேந்தறதுக்கா?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இல்ல."

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அதுக்கு முன்னாடியும் தெனம் நெனச்சதுதான். தையிலேருந்தே. ஆனா எந்நேரமும் எதிர்ல யாராச்சும் உக்காந்துகிட்டே இருப்பாங்களா, எழுந்து போவ முடியாது. அவ்ளோ பேரு கையெடுத்துக் கும்புட்டுகிட்டு இருக்கும்போது, நடுவுல எப்டிடி எழுந்து போறது? அன்னிக்குத்தான் ஒருத்தரும் இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? கிட்டப் போயிட்டேன். அந்த நேரம் பாத்து கேட்டப் போட்டு ஒடைக்கறா ஒருத்தி. 'தாயாரே, தாயாரே'ன்னு. நான் பேசாம நின்னேன். போயிடுவான்னு பாத்தேன். போனாத்தான? 'எவ்ளோ நேரந்தான் நிக்கறது, பஸ்ஸு போயிடும், தொறம்மா, காது செவுடா?'ன்னு கத்தறா. விடவேமாட்றா. எனக்குக் கடுப்பாயிடுச்சி. எவடி அவ, நம்ம வீட்டு வாசல்ல வந்து நம்மளையே செவுடுன்றான்னு திட்டறதுக்குத்தான் வந்தேன். வந்து கேட்டத் தொறந்தா, எருமையாம். மூணு நாளாத் திங்கலியாம். அதக் கேட்டுகிட்டே நின்னுட்டேன்."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நோட்டில் அந்த நாளுக்கு எதிரே நான் என்ன எழுதியிருந்தேன் என்று ஞாபகம் வந்தது. மாற்றம் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தேன்.

"அவளத்தான் நான் திட்டி அனுப்பிச்சேன்" என்றேன்.

"ஆமா. பக்கத்துலதான நின்னேன், காதுல விழாமலா போச்சி." அக்கா தொலியை ஊதித் தள்ளினாள். "பாவம், அந்த பஸ்ஸாவது கெடச்சிதோ இல்லியோ அவளுக்கு."